உறுமினால் வெளியே

“நடுவர் கை வச்சு, உதட்டத் தூக்கிப் பல்லைப் பாப்பாரு. நாய் உறுமக் கூடாது. உறுமுனா வெளிய. அப்புறம் எந்த வருசமும் மேடையேற முடியாது. இதுதான் புது விதி” என்றார் ஈஸ்வரபாண்டி.

உத்தமபாளையம் கல்யாண மண்டபத்தில் கோம்பை நாய் வளர்ப்போர் சங்கத்தின் பொதுக்குழு. ஈஸ்வரபாண்டிதான் தலைவர். கம்பத்தில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குச் சொந்தக்காரர்.

வாழைத் தோட்டத்துக் காவலுக்கு நாய் வளர்க்கும் நூர் முகம்மது எழுந்தார்.

“ஊரு பேரு தெரியாத ஆளு வாய்க்குள்ள கைய விடுவான். அது ‘ஆ’ன்னு காட்டிக்கிட்டு நிக்கணும். அதுக்குக் கோம்பை நாய் எதுக்குத் தலைவரே? ஆளுக்கொரு ஆட்டுக்குட்டிய வளத்துட்டுப் போறோம்.”

கூட்டம் சிரித்தது.

“நல்லாச் சிரிங்க பாய். வெளியூர்க் கண்காட்சியில நம்ம நாயப் பாத்தாலே ‘கடிக்கிற இனம்’னு ஓரங்கட்டுறான். நாகரிகம் பழகுனாத்தான் நாளைக்கு நம்ம இனத்துக்கு மருவாதி.”

கூட்டத்தில் இருந்த வேலுச்சாமிக்கு அது நியாயமாகப் பட்டது. அவருடைய நாய் துரை சுத்தமான கோம்பை. செவலை உடம்பு, கரிய மூஞ்சி. சென்னை மேடையில் ஒருநாள் அது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. விதிக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னதும் முதலில் தூக்கினார்.

“உன் நாய்க்கு நீயே சுருக்கு மாட்டுறியேப்பா” என்றார் நூர் முகம்மது.

அன்றிலிருந்து வேலுச்சாமியின் திராட்சைத் தோட்டத்துக்கு யார் வந்தாலும் துரையைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பால்காரர் கும்பிடு போட்டார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார்.

“கட்டுன புருசன் வாயில எத்தனை பல்லுன்னு எனக்கே தெரியாது. நாய்க்கு எண்ணிப் பாக்கணுமாக்கும்” என்றாள் மனைவி பஞ்சம்மாள்.

சங்கத்தின் கண்காட்சியன்று நடுவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார். துரை ஒரு தடவை வேலுச்சாமியைத் திரும்பிப் பார்த்தது. ‘பொறுத்துக்கடா’ என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

அது உறுமியது பந்தல் முழுக்கக் கேட்டது. நடுவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார்.

“வேலுச்சாமி அவர்களின் நாய், குணம் சரியில்லை, வெளியேற்றப்படுகிறது” என்றது ஒலிபெருக்கி.

நூர் முகம்மதுவின் நாய் உட்பட இன்னும் சில நாய்களுக்கும் அதே அறிவிப்பு. கோப்பை, ஈஸ்வரபாண்டியின் பட்டியில் பிறந்த நாய்க்குப் போனது. அது நடுவரின் கையை நக்கியது.

அடுத்த வாரம் ஈஸ்வரபாண்டி தோட்டத்துக்கே வந்தார். கையில் ஒரு பெட்டைக் குட்டி.

“விதின்னா விதிதான் வேலு. மனசுல வச்சுக்கிடாத. குணம் சரியில்லன்னு மைக்குல சொன்ன நாயி. நாளைக்கு எவனையாவது கடிச்சு வச்சா உனக்கும் கேடு, சங்கத்துக்கும் கேடு.”

“அதுக்காக எங்கனண்ணே கொண்டுபோய் விடுறது?”

“எதுக்கு விடணும்? மலையில நம்ம ஏலத்தோட்டம் இருக்குல்ல. ஒரு மூலையில காத்தாடத் திரியட்டும், நான் சோறு போடுறேன். நீ இந்தக் குட்டிய வச்சுக்க. கோப்பை வாங்குன நாயோட தங்கச்சி.”

வேலுச்சாமி குட்டியை வாங்கிக்கொண்டார். துரையை ஜீப்பில் ஏற்றியபோது அது உறுமவில்லை. அவர் சொன்னதால் ஏறிக்கொண்டது.

“தலைவரு தங்கமான மனுசன்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

“எங்கிட்டயும்தான் குட்டியோட வந்தாரு. என் நாய் எனக்குக் காவலு, மேடைக்கு இல்லன்னு அனுப்பிட்டேன்” என்றார் நூர் முகம்மது.

“உங்களுக்கு எப்பவும் குதர்க்கம் பாய்.”

குட்டி வளர்ந்தது. யார் வந்தாலும் வாலை ஆட்டியது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் கிணற்று மோட்டாரின் ஒயரைக் காணோம். வெட்டிச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்திலேயே குட்டி ஒரு பொட்டலத்தை நக்கிக்கொண்டிருந்தது. கோழிக்கறி வாசம்.

“களவாணி கிட்டயும் பல்லைக் காட்டியிருக்கும். எண்ணிப் பாத்துட்டுப் போயிருப்பான்” என்றாள் பஞ்சம்மாள். “போய் நம்ம துரையக் கூட்டிட்டு வாங்க.”

கேட்டுப் பார்க்கலாம் என்று வேலுச்சாமி கம்பத்துக்குப் போனார். கிட்டங்கியின் கம்பிக் கதவை நெருங்கும்போதே உள்ளிருந்து ஒரு உறுமல். அவருக்கு நன்றாகத் தெரிந்த உறுமல்.

“அண்ணே, கம்பியத் தொடாதீக!” என்று காவல்காரர் ஏசுதாசன் ஓடி வந்தார்.

அதற்குள் உறுமல் நின்றிருந்தது. கனத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு துரை வாலை ஆட்டியது. ஏலக்காய் மூட்டைகளைச் சுற்றி மூலைக்கு ஒன்றாக மற்ற நாய்களும் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் வேலுச்சாமிக்கு அடையாளம் தெரிந்தது.

“எல்லாம் அன்னைக்கு மேடையில இருந்து வெளியேத்துன நாய்கதான?”

“அதேதாண்ணே” என்றார் ஏசுதாசன் பெருமையாக. “முன்னெல்லாம் நல்ல காவல் நாய்க்கு முதலாளி ஊர் ஊரா அலைவாக. இப்ப அந்தப் புது விதி வந்ததும் அலைச்சலே இல்ல. நடுவர் கைய நீட்ட நீட்ட, எது உறுமுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தாக.”