இருபது அடி

“கட்டிப் போட்ட நாய்க்குக்கூட வாசல் வரைக்கும் எட்டும். எனக்கு...”

“நான் என்ன கேட்டேன், நீங்க என்ன...”

“...இருபது அடி! அளந்துட்டேன். இந்த அறை வாசப்படியோட என் எல்லை முடிஞ்சுது.”

“வியாழக்கிழமை நான் போகணுமா, வேண்டாமா? முதல்ல அதைச் சொல்லுங்க!”

ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து ஓய்வு பெற்ற சர்வேயர், மூக்கில் மாட்டிய பிளாஸ்டிக் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். குழாயின் மறுமுனை, தலைமாட்டில் இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் மெஷினில். அது இல்லாமல் ஐந்து நிமிஷம் தாங்கமாட்டார்.

அவருக்கு நுரையீரல் என்றால் அவர் மனைவிக்குக் கண். இரண்டு கண்ணிலும் புரை. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பாதித் தெருவுக்குத் துணி தைத்தவள், இப்போது ஊசியில் நூல் கோர்க்க முடியாமல், பால் பொங்குவதை மூக்கால் தெரிந்துகொள்கிறாள். எதிரில் இருக்கும் கணவர் முகம்கூட ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோலத்தான்.

அவருக்காவது இருபது அடி. அவளுக்கு, அவர் டம்ளரைத் தட்டினால் காதில் விழுகிற தூரம். காய்கறி, மருந்து எல்லாம் போன் போட்டால் வந்துவிடுகிறது. கடைசியாக எப்போது மாடிப்படி இறங்கினோம் என்று அவளுக்கே நினைவில்லை.

கண் ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் தள்ளிப்போட்டாயிற்று. ஆஸ்பத்திரி வண்டியே வந்து அழைத்துப் போகும். காலையில் போனால் சாயங்காலம் வந்துவிடலாம். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க அடுத்த வீட்டு டீச்சரும் தயார். ஆனால் கதவைத் திறக்க வேண்டுமே? கூடத்தைத் தாண்டி இருக்கிற முன்கதவுக்கு இவர் குழாய் எட்டாதே.

“டீச்சர்கிட்ட ஒரு சாவி குடுத்துட்டுப் போறேன்னா, அதுவும் வேண்டாங்கறீங்க.”

“கண்டவங்க வந்து போக இது என்ன சத்திரமா?”

“அப்போ என் கண்ணு?”

“நான் போய்ச் சேர்ந்த அப்புறம் நிதானமா பண்ணிக்க. யாரு தடுக்கப் போறா?”

ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்ச் செருப்பு ஸ்டாண்டைத் துடைக்க ஆரம்பித்தாள். கோபம் வந்தால் எதையாவது துடைக்க வேண்டும் அவளுக்கு.

கை அவருடைய வாக்கிங் ஷூவில் பட்டது. ஒரு காலத்தில் தினமும் மூன்று மைல் நடந்த ஷூ. வழியில் அவிழ்ந்துவிடக் கூடாதென்று லேஸை ரெட்டை முடிச்சாகத்தான் போடுவார் மனுஷர். தடவிப் பார்த்தாள். வலது ஷூவில் லேஸ் இருந்தது. இடது ஷூவில் வெறும் ஓட்டைகள்.

“ஏங்க, ஒரு ஷூவுல லேஸைக் காணமே?”

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“நம்ம வீட்டுல ஏது எலி?”

“உன் கண்ணுக்கு யானையே தெரியாது. எலியா தெரியப் போகுது?”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் இந்த மனுஷரிடம் பெரிய தொல்லை. முழுசாகக் கோபப்படவும் விடமாட்டார்.

அழைப்பு மணி அடித்தது. வந்தவர் ஆக்ஸிஜன் மெஷின் மெக்கானிக். இவருக்குத் தெரியாமல் காலையில் அவள்தான் போன் போட்டு வரச் சொல்லியிருந்தாள். வியாழக்கிழமைக்கு வருகிறேன் என்று இன்று மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும். இந்தத் தடவையும் தவறினால் புரை முற்றிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இவரு எதுக்கு வந்திருக்காரு?” சர்வேயரின் குரல் உயர்ந்தது.

“வாசல் வரைக்கும் எட்டற மாதிரி நீளக் குழாய் போடச் சொன்னேன். உங்களுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை.”

“அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கட்டிலை நகர்த்தினா தூசி கிளம்பும். எனக்கு ஆகாது.”

தூசிக்குப் பயந்து அந்தச் சுவரோரத்தை அவளைப் பெருக்கக்கூட விட்டதில்லை அவர்.

மெக்கானிக் கட்டிலை நகர்த்தவில்லை. மண்டியிட்டு, மெஷினிலிருந்து பழைய குழாயைத் தொட்டுக்கொண்டே போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டார். விட்ட கை சட்டென்று வரவில்லை.

“அம்மா, புதுக் குழாய் எதுக்கு? இதுவே அம்பது அடியாச்சே. போன வருஷம் நான்தானே போட்டேன்!”

“அம்பதா? இருபதுன்னு அளந்து சொன்னாரே!”

“மிச்சம் முப்பது அடியும் சுருட்டிக் கட்டில் கால்ல கட்டி வெச்சிருக்கு. எங்க ஆளுங்க யாரும் இப்படிக் கட்ட மாட்டாங்கம்மா. இருங்க, அவுத்து விடறேன்.”

“அவுக்காதீங்க. என் கையைப் பிடிச்சு அங்க வைங்க.”

வைத்தார். வளையம் வளையமாகக் குழாய். அதைச் சுற்றி இறுக்கமாக ஒரு நாடா. நாடாவின் நுனியில் விறைப்பாகச் சின்ன பிளாஸ்டிக் உறை. விரலை நகர்த்தி முடிச்சைத் தொட்டாள். நாற்பது வருஷம் துணி தைத்த விரல்களுக்குக் கண் வேண்டியதில்லை.

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

குனிந்தபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“ஏங்க, எலி ரெட்டை முடிச்சு போடுமா?”