பழைய பம்பர்

அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு பம்பர் கவர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. தேடிப் பிடித்த கடையில் மூன்று இருந்தன. கார்க்காரர் பளபளப்பான சிவப்பைக் காட்டினார்.

"பழசை வச்சு அளவு பாக்காம குடுக்கமாட்டேன் சார்," என்றார் கடைக்காரர்.

வேறு வழியில்லை. மூலை உடைந்த பழைய கவரைக் காரிலிருந்து தூக்கி வந்தார்.

"எதுல மோதுனீங்க?"

"வீட்டு கேட்டுல."

கடைக்காரர் மேஜை டிராயரிலிருந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து, உடைந்த மூலையில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"என் பொண்டாட்டி ஸ்கூட்டர்ல சிக்கியிருந்துச்சு. இந்தக் காருக்குக் கவர் என்கிட்ட மட்டும்தான் சார் இருக்கு. வருவீங்கன்னு தெரியும்."

கார்க்காரர் வெளியேறத் திரும்பினார். வாசலை மறித்து நின்றபடி, கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண், வெளியே நின்ற காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரா சார் நீங்க? அன்னிக்கு இறங்கிப் பாத்திருக்கலாமே."