ஜன்னலோரக் கட்டில்

"அப்பா இங்க இருந்தப்ப அவர் மட்டும்தான் சொறிஞ்சுக்கிட்டு இருந்தாரு. இப்ப நாம சொறியறோம்," என்றான் கணவன், முழங்கையைத் தேய்த்தபடி.

"எல்லாம் அவரோட மெத்தையில இருந்து பரவினதுதான்," என்றாள் மனைவி.

மெத்தையைத் தூக்கிப் போட்டாயிற்று. மாமனாரையும் மகள் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. விரிப்பெல்லாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் அலசியாயிற்று. அரிப்பு மட்டும் நின்றபாடில்லை.

பூச்சி மருந்து அடிப்பவரை வரவழைத்தார்கள். அவர் மாமனாரின் அறை ஜன்னலைத் திறந்து, வெளியே ஏசி பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மெத்தை மேல பழி போடாதீங்கம்மா. இது புறாக்கூட்டு உண்ணி. குஞ்சு பறந்துட்டா, பசியில வீட்டுக்குள்ள வந்துடும். இந்த ஜன்னலோரம் யாராவது படுத்திருந்தாங்களா?"

"எங்க அப்பா," என்றான் கணவன்.

"அதான். பக்கத்துலயே ஆள் இருக்கிற வரைக்கும் அது தூரம் போகாது. அவர் இல்லேன்னதும் உங்களைத் தேடி வந்திருக்கு. கூட்டை எடுத்துட்டு மருந்து அடிக்கணும். ஆனா அடுத்த வாரம்தான் வர முடியும்."

அவர் போனதும் கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "அநியாயமா அப்பாவைத் துரத்திட்டோமே."

மனைவி அதற்குள் போனை எடுத்திருந்தாள்.

"மாமா, தப்பு எங்க மேலதான். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. இன்னைக்கே கிளம்பி வந்துடுங்க."

கணவனுக்குக் கண் கலங்கியது. அவள் கழுத்தைச் சொறிந்துகொண்டே தொடர்ந்தாள்.

"புது மெத்தை வாங்கிப் போட்டுடறோம் மாமா. கட்டில் பழையபடி அந்த ஜன்னலோரமேதான் இருக்கு, நகர்த்தவே இல்ல."