கேக்குக்கு ஐந்து வருஷம்

“அஞ்சு வருஷமா? ஒரு கேக்குக்கா?” வில்மா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நீதிமன்ற வராந்தாவில் வக்கீல் ஓர்டிஸ் மறுபடியும் பொறுமையாக விளக்கினார். ஃப்ளோரிடா சட்டப்படி ஒருவர் முகத்தில் கேக்கை அப்பினால் சிறுகுற்றம். பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். அப்பப்பட்டவருக்கு அறுபத்தைந்து வயது ஆகியிருந்தால் அதே கேக் பெருங்குற்றம், ஐந்து வருஷம் வரை உள்ளே. அப்பிய வில்மாவுக்கே அறுபத்தெட்டு என்பதையெல்லாம் சட்டம் கண்டுகொள்ளாது.

“உங்க தங்கச்சி ஜெரால்டினுக்கு அம்பத்தொன்பதுதான்னு ஊரே சொல்லுது. அத அவங்க வாயாலயே சொல்ல வச்சுட்டா, சாயங்காலம் நீங்க வீட்டுல இருப்பீங்க. நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்கம்மா.”

வில்மாவின் முகம் கடுகடுத்தது. ஆனாலும் ஜெயிலை நினைத்து, சரியென்று தலையாட்டினாள்.

அப்படி என்னதான் கோபம் என்று வக்கீல் கேட்டார். முதியோர் குடியிருப்பின் நடன விருந்தில், புதிதாகக் குடிவந்த ஹார்வியிடம் ஜெரால்டின் இவளைக் காட்டி, “இது எங்கக்கா” என்றாளாம். இதற்குப் போய் யாராவது கேக்கைத் தூக்குவார்களா என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெரால்டின் உதட்டுச் சாயமும் புது விக்குமாகச் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அவளுடைய லைசென்ஸில் பிறந்த வருஷம் மட்டும் எப்படியோ சுரண்டப்பட்டிருந்தது. வயதை நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அரசு வக்கீல் அலுத்துக்கொண்டார்.

முதல் வரிசையில் ஹார்வி பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தபடியே ஜெரால்டின், “அம்பத்தொன்பது” என்றாள்.

பெருங்குற்றத்தைத் தள்ளுபடி செய்ய நீதிபதி பேனாவை எடுத்தார். ஓர்டிஸ் வில்மாவின் கையைத் தட்டிக்கொடுத்தார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கூண்டைவிட்டு இறங்கிய ஜெரால்டின் சும்மா போயிருக்கலாம். ஹார்வி காதில் விழும்படி, “பாவம், மன்னிச்சு விட்டுடுங்க ஐயா. எங்கக்காவுக்கு வயசாயிடுச்சு” என்றாள்.

வக்கீல் கையைப் பிடித்து இழுப்பதற்குள் வில்மா எழுந்துவிட்டாள்.

“ஐயா, அவதான் எனக்கு அக்கா!”