கேப்டன் எப்போது செத்தார்?

"மாமா, கேப்டன் முதல் கேசட்லயே செத்துப் போயாச்சு. நீங்க எதையோ போட்டுக் குழப்பிக்கறேள்."

நிரஞ்சன் இப்படிச் சொன்னதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அனந்தராமனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மயிலாப்பூரில் ஓர் அமெரிக்க விண்வெளித் தொடருக்கு ரசிகர் மன்றம் இருந்தது என்றால் நம்புவது கஷ்டம்தான். அதை ஆரம்பித்தவர் ரிட்டயரான கணக்குப் பேராசிரியர் என்றால் இன்னும் கஷ்டம். ஆனால் 'ஓரியன் அவுட்போஸ்ட்' தொடரின் எட்டு சீசன்களையும் அனந்தராமன் கரைத்துக் குடித்திருந்தார். கேசட்டுகள் ராயப்பேட்டை கரீமுல்லாவின் வீடியோ லைப்ரரியில் கிடைக்கும். துபாயில் இருக்கும் கரீமுல்லாவின் மச்சான் பதிவு செய்து அனுப்புவார்.

ஒன்பதாவது சீசன் வந்ததும், கரீமுல்லா கையால் ஒவ்வொரு கேசட்டாக வாங்கி முதலில் பார்த்தவரும் அனந்தராமன்தான். மன்றத்தின் மற்ற பசங்கள் பிறகு, முதல் தடவையாகத் தாங்களே நாலு கேசட்டையும் மொத்தமாக வாங்கி நிரஞ்சன் வீட்டில் பார்த்தார்கள். இன்று அதைத் திட்டித் தீர்க்க அனந்தராமன் வீட்டில் கூடியிருந்தார்கள்.

"செத்தவர் அடுத்த கேசட்ல ஜம்முனு நடமாடறார். எப்படிப் பிழைச்சார்னு ஒரு வார்த்தை இல்லை," என்றாள் மாளவிகா.

"முடிவுன்னே ஒண்ணு கிடையாது. பாதியில தொங்கறது," என்றான் பரத்வாஜ். "இத்தனை வருஷம் பார்த்ததுக்கு நன்னா நாமம் போட்டுட்டான்."

"அநியாயமா பேசாதீங்கோ! கேப்டன் கடைசி கேசட்லன்னா சாவார்? நான் அழுதே போயிட்டேன்," என்றார் அனந்தராமன்.

"நாங்க நாலு பேர் பார்த்தோம் மாமா," என்றான் நிரஞ்சன், குழந்தைக்குச் சொல்வது போல. "கடைசி கேசட்ல அவர் தும்மக்கூட இல்லை."

காபித் தட்டோடு வந்த அவர் மனைவி ஜலஜா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நிரஞ்சன் அவள் பக்கம் போய், "மாமி, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்கோ. எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்று கிசுகிசுத்தான். அந்தக் கிசுகிசுப்பு கூடம் முழுக்கக் கேட்டது.

அனந்தராமனுக்குக் காது மடல் வரை சுட்டது. போர்டில் எழுதாமலே பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவர் அவர். அத்தனை பேர் முன்னால் வேட்டி அவிழ்ந்துவிட்ட மாதிரி கூசிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்னா, அத்தனை பசங்களுமா தப்பா பார்த்திருப்பா?" என்று அன்று ராத்திரி ஜலஜா கேட்டாள்.

மறுநாளே வீட்டுச் சாவி அவர் கையை விட்டுப் போயிற்று. காஸ் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று. சனிக்கிழமை டாக்டரிடம் போவதாக ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டு விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தாள் ஜலஜா. வைக்கும்போது அழுதாள். அவருக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

கேசட்டுகளைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய நிரஞ்சன் அவரையும் அழைத்துக்கொண்டு போனான். பஸ்ஸிலிருந்து இறங்கிய நேரத்திலிருந்து முழங்கையை விடவில்லை. "பள்ளம் மாமா… பார்த்து மாமா…" என்று வழி நெடுக உபதேசம் வேறு. எதிரே யாரும் பழைய மாணவன் வந்துவிடக் கூடாதே என்று அவர் தலையைக் குனிந்தபடியே நடந்தார்.

கரீமுல்லா உருது பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க சார். இன்னா, ஆளையே காணோம்?"

"இனிமே எனக்குக் கேசட் வேண்டாம் பாய். என் பேரை எடுத்துடுங்கோ," என்றார் அனந்தராமன், நிமிராமலே. "பார்த்ததெல்லாம் மனசுல நிக்க மாட்டேங்கறது. சொல்லவே வெக்கமா இருக்கு."

"உங்களுக்கா? சும்மா இரு சார். கேப்டன் பூட்டாருன்னு கண்ணைத் தொடச்சிக்கினு அன்னிக்குக் கடைசி கேசட்டைக் குடுத்துட்டுப் போனீங்களே!"

நிரஞ்சன் கரீமுல்லாவிடம் கண்ணைக் காட்டினான். "பாவம் பாய், நீங்களும் ஒத்து ஊதாதீங்கோ. கேப்டன் சாகறது முதல் கேசட்ல."

"எது தம்பி முதல் கேசட்டு?"

"லேபிள்ல உருதுல எழுதி வெச்சிருக்கேள், எங்களுக்கு எங்கே படிக்கத் தெரியறது? ஷெல்ஃப்ல இடது ஓரத்துலேருந்து ஆரம்பிச்சு வரிசையா எடுத்துண்டு போனேன்."

கரீமுல்லா அவன் பையிலிருந்த கேசட்டுகளை எடுத்து, "ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு," என்று சொல்லிக்கொண்டே ஷெல்ஃபில் அடுக்கினார். ஒன்றாவது கேசட் வலது ஓரத்தில் போய் உட்கார்ந்தது. நாலாவது இடது ஓரத்துக்கு வந்தது.

"நம்ம எழுத்து சோத்தாங்கைப் பக்கத்துலேர்ந்துதான தம்பி ஓடும்? அடுக்கறதும் அப்படியே பழகிப்போச்சு. நீ கதையைக் கடைசிலேர்ந்து பாத்துகீற!"

அனந்தராமனின் முழங்கையிலிருந்து நிரஞ்சனின் கை தானாக நழுவியது.

அனந்தராமன் தன் சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து நிரஞ்சனின் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்த விலாசத்துக்குப் போய் மாமிகிட்ட நீயே சொல்லிடுடா."