படியேறும் கிடார்

"ஏணியை அங்க சாய்ச்சீங்கன்னா, உங்களுக்கு முன்னாடி நான் ஏறி அதுல உட்கார்ந்துக்குவேன் தம்பி, சொல்லிட்டேன்!"

தறிக்கார அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழிமறித்து நின்றாள். எலெக்ட்ரீஷியன் தோளில் இருந்த ஏணியை இறக்காமலே சிரித்தான்.

"என்கிட்ட ஏன்க்கா மல்லுக்கு நிக்கறீங்க? புது மேனேஜர் அந்த ஸ்பீக்கர் பெட்டியைக் கழட்டச் சொன்னார், கழட்ட வந்தேன்."

சாப்பாட்டு இடைவேளை. மெயின் சுவிட்சை அணைத்திருந்தார்கள். நெசவுக் கூடம் முழுக்கத் தறிகள் வாயடைத்துப்போய் நின்றன. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி கீழே இறங்க மனசில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. சுவரின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, சாம்பல் நிறத்தில் அந்தப் பெட்டி. முகமெல்லாம் சல்லடை ஓட்டை.

"அவர் பாட்டுக்கு ஆபீஸ்ல இருந்தார். நாமதான் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டோம்" என்றாள் பக்கத்துத் தறிக்காரி. ஒல்லி என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். "மத்தியானத்துல அந்த கிடாரை இன்னொரு தடவை போடுங்க சார்னு கேட்டது யாரு? இந்த அக்காதான். ஓகோ, இங்க மியூசிக் வேற ஓடுதான்னு பிடிச்சுக்கிட்டார்."

"எல்லாரும் கனவு கண்டுக்கிட்டே நெய்யறீங்கன்னு சொல்றாரு" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"கண்டா என்னவாம்? கை நெய்யுதில்ல?" என்றாள் அக்கா.

"அப்படி என்ன பாட்டுக்கா அது?"

அவள் முகம் சட்டென்று இளகியது. "பாட்டுன்னா வார்த்தை இருக்கும் தம்பி. இது வெறும் வாத்தியம். முதல்ல டிரம்ஸ் மட்டும், தூரத்துல யாரோ நடந்து வர்ற மாதிரி. அப்புறம் கிடார், கரண்ட்ல வாசிக்கிறாங்களே அது. ஒவ்வொரு படியா ஏறும். ஏறி ஏறி, மொட்டை மாடிக் கதவைத் திறந்தா..."

"திறந்தா?"

"வானம்."

"கிடாரா அது? சாக்ஸபோன்!" என்றாள் ஒல்லி. "ஆத்துல படகு போற மாதிரி இழுத்து இழுத்து வரும். இவங்க காதுல பஞ்சு."

"உனக்கு மூளையில பஞ்சு."

கிடாருக்கும் சாக்ஸபோனுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு இசை ஒரு கேடா என்று நினைத்துக்கொண்டான் எலெக்ட்ரீஷியன். "சரி, பேரு என்ன? வீட்டுக்குப் போய் நானும் கேக்கறேன்."

"வார்த்தையே இல்லாததுக்கு ஏது பேரு? நாங்களா வெச்சதுதான். என்னோடது 'படியேறுறது'. இவளோடது 'படகு'. பின்வரிசையில ஒருத்தி 'மழை நின்ன தெரு'ன்னு ஒண்ணு சொல்வா."

"இப்ப கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

"தறி ஓடினாத்தான் அதுவும் ஓடும். ரெண்டுக்கும் ஒரே லைன் போல."

"காலையில வந்தப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கலையே. இரைச்சல்ல காதுதான் அடைச்சுப்போச்சு."

"எட்டிப் பார்த்துட்டு ஓடினா எப்படிக் கேக்கும்? நின்னு கேக்கணும்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, வீட்ல மாமியார் வாய் ஓயாது. இங்க வந்தா சூப்பர்வைசர். எல்லாரும் எதையாச்சும் சொல்லிக்கிட்டே இருக்காங்க. அந்த கிடார் ஒண்ணும் சொல்லாது. சும்மா கூட வரும். அது வர்றதுக்கு முன்னாடி, இன்னிக்கே வேலையை விட்டுடணும்னு தினமும் நினைச்சவ நான். இப்ப அதைக் கழட்டிட்டா, சாயங்காலம் வரைக்கும் நிக்க என் காலுக்குத் தெம்பில்ல. வேலையை விட்டா அடுப்பு எரியாது. என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"கழட்டி மேஜை மேல கொண்டுவந்து வைன்னு சொல்லியிருக்கார்க்கா" என்று முனகினான்.

மணி அடித்தது. அக்கா அவனைத் திரும்பிப் பார்க்காமல் தன் தறிக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் தறிகள் உறுமி எழுந்தன. உற்பத்தி நிற்கக்கூடாது, ஓடும்போதே கழட்டு என்பது உத்தரவு. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினான்.

பாதி ஏறியதும் மூச்சு வாங்கியது. விடிந்ததிலிருந்து ஏணி ஏறி இறங்கிய கால்கள். சற்று நின்றான். கீழே பெண்களின் தலைகள் அசைந்துகொண்டிருந்தன. இரைச்சல் முதலில் சுவர் மாதிரி முட்டியது. பிறகு மெல்ல மெல்ல அகன்று, தண்ணீர் மாதிரி அவனைச் சுற்றிக்கொண்டது. அதன் அடியில், வெகு தூரத்தில், யாரோ நடந்து வந்தார்கள்.

டிரம்ஸ்.

ஏணிச் சட்டத்தைப் பிடித்தபடி காத்திருந்தான். வந்தது கிடார். சாக்ஸபோன் இல்லை, சத்தியமாகக் கிடார்தான். அது ஒரு படி ஏற, அவனும் ஒரு படி ஏறினான். கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போனபோது, பிள்ளைப் பருவத்திலிருந்தே தெரிந்த ஒன்றைக் கேட்பது போல இருந்தது.

வேலை வேலைதான். திருகாணிகளைக் கழற்றி, இசை உடைந்துவிடுமோ என்று பயந்தவன் போல மூடியை மெல்லத் திறந்தான். கிடார் நிற்கவில்லை. உள்ளே பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான்.

கீழே அக்கா அண்ணாந்து, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்: "கழட்டிட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினான். மூடியைத் திரும்ப வைத்து, திருகாணிகளை முன்பைவிட இறுக்கமாக முடுக்கினான். மேனேஜரிடம் என்ன சொன்னாலும் சரி, இந்த அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

பெட்டிக்குள் ஸ்பீக்கரும் இல்லை, ஒயரும் இல்லை. ஒயர் நுழைவதற்கென்று சுவரில் இன்றுவரை யாரும் ஓர் ஓட்டைகூடப் போட்டிருக்கவில்லை.