காதுக்கு மேலே ஒரு தழும்பு

செக்காலை பிசியோதெரபி மையத்தில், ஜன்னல் வெயில் விழும் ஒரே பாயில் இரண்டு பிள்ளைகள் கிடக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அபூர்வ நோய். சண்முகப்ரியாவின் மகனுக்கு மண்டையில் துளையிட்டு, மூளைக்குள்ளேயே மரபணு மருந்தைச் செலுத்தியிருக்கிறார்கள். இப்போது கிலுகிலுப்பைச் சத்தம் கேட்கும் பக்கமெல்லாம் தலையைத் தூக்கித் திரும்புகிறான். அந்தக் கிலுகிலுப்பையைப் பிடுங்கி வெளியே எறிய யோகலட்சுமிக்குக் கை பரபரக்கிறது. ரத்தம் அந்த மருந்துக்கு ஒத்துவராது என்று அவள் மகளை மட்டும் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளையின் கழுத்து இன்னும் தாயின் உள்ளங்கையில்தான் நிற்கிறது. "பாப்பாவுக்கு முடி எம்புட்டு அடர்த்தி, அக்கா! இவனுக்குத் தழும்புல முளைக்கவே மாட்டேங்குது" என்கிறாள் சண்முகப்ரியா. யோகலட்சுமி சிரித்துவைக்கிறாள். மகளின் சுருட்டை முடியை இங்குட்டும் அங்குட்டும் விலக்கி விலக்கிப் பார்க்கிறாள். பாழாய்ப்போன தலையில் ஒரு கீறல்கூட இல்லை.